சத்தங்கள் இருக்கும் ஃபோல்டர்

ஒரு பஸ் என்பது ஒரு பஸ் இல்லை, அதை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சபரி போனில் சொன்னான். ஓடும்போதுதான் அது பஸ். உள்ளே போய்ப் பார்த்தால் உடம்பு ஓர் இடத்தில் இருக்கும், சக்கரம் ஓர் இடத்தில், பெயின்ட் ஓர் இடத்தில், சத்தமெல்லாம் வேறோர் இடத்தில். எதை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் எழுத்து மட்டும் தனியாக இன்னோர் இடத்தில். கேம் அந்த எழுத்தைப் படித்து, ஒவ்வொன்றாக எடுத்துவந்து கோத்து, நமக்குப் பஸ்ஸாகக் காட்டுகிறது. "புரியுதுங்ளாம்மா?" என்றான். புரிகிறது என்றேன். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் தந்தார்கள். செருப்பு ஒரு பையில், பெல்ட் ஒரு பையில், உடைந்த செல்போன் ஒரு கவரில், உடம்பு எல்லாவற்றுக்கும் கடைசியில். ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து. இதைச் சபரியிடம் சொல்லவில்லை. அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். கேன்டீனிலிருந்து பேசிக்கொண்டிருந்தான், தட்டுகள் விழும் சத்தம் கேட்டது. மிதுனோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். மிதுன் என் மகன். போன ஆனியில் பைபாஸில், தண்ணித் தொட்டித் திருப்பத்தில் பஸ் மோதி இறந்தான். இப்போது அவனுடைய மேஜையில், அவனுடைய கம்ப்யூட்டர் முன்னால், ஞாயிற்றுக்கிழமைக் காலை இட்லிப் பாத்திரத்தைக் கழுவி வைத்த ஈரக் கையோடு உட்கார்ந்திருக்கிறேன். மௌஸ் வழுக்குகிறது. முந்தானையில் துடைத்துக்கொள்கிறேன்.

இது பஸ் ஓட்டுகிற விளையாட்டு. எவனோ வெளிநாட்டுக்காரன் செய்தது, அவன் ஊர்ச் சாலை, அவன் ஊர் வண்டி. நம் ஊர்ப் பையன்கள் அதற்குள் நம் ஊர் பஸ்ஸைச் செய்து நுழைக்கிறார்கள். அதற்கு மோட் என்று பெயர். மிதுன் செய்தது எங்கள் ஊர் வழியாகக் கோயம்புத்தூர் போகிற பச்சைக்கோடு பஸ். முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கும், படிக்கட்டுக்கு மேலே கண்டக்டர் பை மாட்டும் கொக்கி இருக்கும், அதுவரைக்கும் செய்திருந்தான். முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் அதை இறக்கி ஓட்டுகிறார்கள். போன மாதம் கேம்காரன் கேமை மாற்றிவிட்டான். எந்தப் பொருள் எந்த ஃபோல்டரில் இருக்கவேண்டும் என்பதையே மாற்றிவிட்டான். பழைய அடுக்கில் இருக்கும் பஸ்கள் இனி வராது, புது அடுக்குக்கு மாற்றினால்தான் வரும். லீவு கிடைக்கும்போது வந்து மாற்றித் தருகிறேன் என்று சபரி சொல்லிக்கொண்டே இருந்தான். அப்புறம் ஒருநாள் குரலைத் தணித்து, "விட்டுடலாங்ளாம்மா? நாம ஒண்ணும் பண்ணாட்டி அது தானா போயிடும்" என்றான். தானாகப் போய்விடும். காய்ச்சலைச் சொல்வதுபோல. கறையைச் சொல்வதுபோல. தானாகப் போவது என்று ஒன்று உண்டா, எல்லாவற்றையும் யாரோ போகவிடுகிறார்கள், அவ்வளவுதான். அவன் நல்லதற்குத்தான் சொன்னான். அந்த பஸ்ஸின் ஹார்னை மனதில் வைத்துத்தான் சொன்னான் என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். எப்படி மாற்றுவது என்று எனக்குச் சொல்லிக்கொடு, நானே செய்கிறேன் என்றேன். அப்ப ஞாயித்துக்கிழமை போன்ல சொல்றேங்மா என்றான்.

மின்வாரிய அலுவலகத்தில் கோப்புகளோடுதான் என் பிழைப்பு. அலமாரி, அதில் தட்டு, தட்டில் கட்டு, கட்டில் தாள். இதுவும் அதுதான் என்று நினைத்து ஆரம்பித்தேன். இது அது இல்லை. அலுவலகத்தில் ஒரு தாள் இடம் மாறினால் தேடலாம், பியூனைத் திட்டலாம், பக்கத்துக் கட்டில் கிடைக்கும். இங்கே ஃபோல்டரின் பெயரில் ஓர் எழுத்து பெரியதாக இருக்கவேண்டிய இடத்தில் சின்னதாக இருந்தால் போதும், கேம் அதைத் தேடாது, கோபிக்காது, அப்படி ஒன்று இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். சக்கரங்களை மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். பஸ் தரைக்கு மேலே சும்மா மிதந்துகொண்டு போனது. எங்கே தவறு என்று தேடியதில் ஒரு சாய்கோடு விட்டுப்போயிருந்தது. மிதுனுக்கு இதெல்லாம் தண்ணீர் குடிக்கிற மாதிரி. ஆனால் அவன் ஃபோல்டர்களைப் பார்த்தால் ஒழுங்கு என்பதே கிடையாது. புதுசு என்று ஒன்று, புதுசிலும் புதுசு என்று ஒன்று, கடைசி, நிஜமாவே கடைசி, தொட்டா கொன்னுடுவேன். தொட்டால் கொன்றுவிடுவேன் என்பது சபரிக்காக வைத்ததாம். ஒரே பஸ்ஸின் ஏழெட்டு உடம்புகள் அங்கங்கே கிடக்கின்றன, ஒன்றில் கண்ணாடி இல்லை, ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்திருக்கிறது. எது உயிரோடு இருப்பது, எது கழித்துப் போட்டது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. அந்த எழுத்துக் கோப்பு எதைக் கைகாட்டுகிறதோ அதுதான் இருப்பது. கைகாட்டாததெல்லாம் இருந்தும் இல்லாததுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுக் காலை ஆனது. வாசல் அறையில் இவர், மிதுனின் அப்பா, செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. இவர் படிப்பதில்லை. விபத்துச் செய்திகளைத் தாண்டுவதற்காகத்தான் புரட்டுகிறார்.

உடம்பை மாற்றினேன். கண்ணாடியை மாற்றினேன். சீட் துணியின் படம் ஒன்று இருந்தது, பெரிதாக்கிப் பார்த்தால் அது எங்கள் வீட்டுச் சோபா உறை. போன் கேமராவில் எடுத்து பஸ் முழுக்க ஒட்டியிருக்கிறான். என் சோபா உறையின் மேல் யார் யாரோ உட்கார்ந்து போகிறார்கள். கதவு மூடும் சத்தம் என்ற கோப்பைத் திறந்தால் அது எங்கள் பீரோ. கேட்டவுடனே தெரிந்துவிட்டது, கீழ்க்கீல் முனகி அப்புறம் மோதும். அதை எடுத்த அன்றைக்கு நான் புளிக்குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, அசையாத. அப்படியே இரு. மூச்சு விடாத" என்று கத்தினான். கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன், கடுகு கருகியது. "கருகுதுடா தங்கம்" என்றேன். "போச்சு! எல்லாம் போச்சு! ரெக்கார்டிங்ல இப்ப உன் கருகுதுடா தங்கமும் சேர்ந்து வரும், பஸ்ஸுக்குள்ள யாருக்கு என்ன கருகுது?" என்று தலையில் அடித்துக்கொண்டான். இவர் வாசலில் இருந்து, "உங்கம்மாவையே கண்டக்டராப் போட்டுடுறா, சத்தம் பத்தும்" என்றார். சிரித்தோம். அப்படித்தான் பழகினோம், அவன் கையைத் தூக்கினால் வீடே நின்றுவிடும். மின்விசிறியை நிறுத்துவான், கடிகாரத்தைக் கழற்றிப் போர்வைக்குள் வைப்பான். அவனும் நிற்பான், எங்கள் எல்லோரையும்விட அசையாமல். சட்டை உரசினால்கூடக் கெட்டுவிடுமாம். செருப்பு ஒரு மண்ணை நெருடினால் போதுமாம். என்ன ஆனாலும் நான் மட்டும் ஆடமாட்டேம்மா, அதுதான் என் ஸ்பெஷாலிட்டி என்பான். கீபோர்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு இதை ஏன் நினைக்கிறேன். அடுத்த ஃபோல்டர் விளக்குகள். விளக்குகளைப் பார்ப்போம்.

முன்விளக்கு, பின்விளக்கு, உள்ளே எரியும் நீல விளக்கு. இந்த நீல விளக்கைப் பார்க்கத்தான் பையன்கள் சாலையோரத்தில் நிற்பார்கள். எங்கள் பக்கத்தில் இது ஒரு பைத்தியம். எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும், எந்த டிரைவர், எந்த ஹார்ன், எல்லாம் மனப்பாடம். பஸ் தூரத்தில் தெரிந்ததும் கையைத் தூக்கி, அடிங்ணா, அடிங்ணா என்பார்கள். டிரைவர்களும் அடிப்பார்கள். பாட்டுப் போல இழுத்து அடிப்பார்கள், பையன்களைக் கண்டால் வண்டியை லேசாக ஓரம் அணைத்து ஒரு வெட்டு வெட்டிக் காட்டிப் போவார்கள். பையன்கள் வீடியோ போடுவார்கள், டிரைவர் பெயரைப் போட்டு மாஸ் என்பார்கள். பச்சைக்கோடு பஸ் டிரைவர் குப்புராஜுக்கு அப்படி ஒரு கூட்டம். மிதுன் அவரிடம் பேசியிருக்கிறான், பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறான். உங்க ஹார்னைத்தாண்ணா கேம்ல போடப்போறேன், நாளைக்குத் தண்ணித் தொட்டித் திருப்பத்துல நிப்பேன், ஒரு அடி அடிச்சுட்டுப் போங்க என்று சொல்லி வைத்திருந்தான். குப்புராஜ் சொன்னபடி வந்தார். சொன்னபடி அடித்தார். ஓரம் அணைத்தார், கொஞ்சம் கூடுதலாக. முந்தின இரவு பெய்த மழையில் தார் ஓரம் அரித்திருந்தது. போலீஸில் அவர் சொன்னது இரண்டே வரி: ஹார்ன் அடித்தேன், பையன் நகரவில்லை. இந்த இரண்டாவது வரியை இவரால் விழுங்க முடியவில்லை. "எவனாச்சும் மேல வர்ற வண்டியப் பார்த்துட்டு நகராம நிப்பானா? பொய் சொல்றான் பரிமளா. எம்பையன் நகர்ந்திருப்பான். ஓடப் பார்த்திருப்பான். இவன் வந்து ஏத்திருக்கான்" என்று அன்றைக்குச் சொன்னவர்தான், அதையே வக்கீலிடமும், துக்கம் கேட்க வந்தவர்களிடமும், ராத்திரியில் கூரையிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் நகர்ந்திருப்பான் என்று சொல்லும்போதெல்லாம் நான் அடுப்பைப் பார்ப்பேன், கதவைப் பார்ப்பேன்.

இனி சத்தங்கள் இருக்கும் ஃபோல்டர் மட்டும்தான் பாக்கி. எஞ்சின், பிரேக், கதவு, மழை கண்ணாடியில் விழுவது, எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் புது இடத்தில் வைத்துவிட்டேன். ஒன்று மட்டும் பழைய ஃபோல்டரில் தனியாகக் கிடக்கிறது. அதன் மேல் மௌஸைக் கொண்டுபோனால் நிறம் மாறுகிறது, எடுத்தால் பழையபடி ஆகிறது. செல்போன் உடைந்தாலும் உள்ளே இருந்த மெமரி கார்டு உடையவில்லை. அதிலிருந்து எடுத்துச் சபரிதான் இதைப் பஸ்ஸில் சேர்த்தான், முப்பதாம் நாள் முடிந்த கையோடு. அவன் ஆசைப்பட்டதுங்மா என்றான். அப்போது எனக்கு எதுவும் காதில் விழும் நிலையில்லை, சரி என்றேன். அதற்கப்புறம்தான் தெரிந்தது, ஹார்னுக்கு முன்னால் அவன் குரலும் இருக்கிறது என்று. அடிங்ணா என்கிறான், சொல்லி முடிப்பதற்குள் ஹார்ன் வந்துவிடுகிறது, கடைசி எழுத்தும் ஹார்னும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வெட்டிப் பார்த்தேங்மா, அவன் பேச்சு பாதியில நிக்குது, மனசு கேக்கல, அப்படியே விட்டுட்டேன் என்றான். ஆக எங்கோ ஒரு வீட்டில் எவனோ ஒரு பையன் ஒரு பொத்தானை அழுத்தும்போதெல்லாம் என் மகன் கேட்கிறான், அது வருகிறது. கேட்கிறான், வருகிறது. அந்த அடிங்ணா செம மாஸ் என்று எழுதியிருக்கிறார்கள். சக்கரத்தை உடம்பிலிருந்து பிரிக்கலாம், நிறத்தைத் தகரத்திலிருந்து பிரிக்கலாம், இந்தக் கேமில் பிரிக்க முடியாதது என்று நான் பார்த்தது இந்த ஒன்றைத்தான். வைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று காலையிலேயே சபரியைக் கேட்டேன். ஒன்றும் ஆகாது, கேமே தன்னுடைய சொந்த ஹார்னைப் போட்டுக்கொள்ளும் என்றான். வைத்தால் இருக்கும், வைக்காவிட்டால் இல்லை. அவ்வளவு சுலபம். இதை நான் இன்னும் கேட்டதில்லை. இவரும் கேட்டதில்லை, கேட்கமாட்டேன் என்று போலீஸ் ஸ்டேஷனிலேயே சொல்லிவிட்டார். கேட்காமல் எப்படி முடிவு செய்வது. கேட்டால் எப்படி முடிவு செய்வது.

வாசல்படியில் இவர் நிழல் விழுந்தது. உள்ளே வரவில்லை, மிதுன் அறைக்குள் இவர் வருவதில்லை. "முடிஞ்சுதா?" என்றார். "இன்னும் ஒண்ணு இருக்குதுங்க." "எது?" நான் திரையைப் பார்த்தேன். "அதா?" என்றார். "அதைக் கேக்கப்போறியா?" "கேக்காம எப்படிங்க வைக்கறது?" நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சவரம் செய்து நாளாகிறது, தாடையில் வெள்ளையாக முளைத்திருக்கிறது. "கேட்டா ஒண்ணு மட்டும் பாரு" என்றார். "செருப்புச் சத்தம் கேக்குதான்னு பாரு. அவன் புதுச் செருப்புப் போட்டிருந்தான். ஒரு இழு இழுத்தாலும் கேக்கும். அது போதும் எனக்கு." சரிங்க என்றேன். "வக்கீலுக்காகச் சொல்லல" என்றார். "தெரியுதுங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது, ஆனால் செய்தித்தாள் சத்தம் இல்லை. அங்கே உட்கார்ந்து காத்திருக்கிறார். இது என்ன மாதிரி வேலை, ஒரு ஆம்பிளை தன் மகன் செருப்பை இழுத்தானா என்பதற்காக உட்கார்ந்து காத்திருப்பது. ஹெட்போனை எடுத்தேன். காதில் வைக்கும் பஞ்சில் அவன் தலை எண்ணெய் வாசனை இன்னும் இருக்கிறது என்று நினைத்தேன், இல்லை, என் கையில் இருக்கும் தேங்காய் எண்ணெய்தான். மாட்டிக்கொண்டேன். வீடு தொலைவாகப் போயிற்று. அமுக்கினேன்.

காற்று. தூரத்தில் ஒரு லாரி. ஒரு மைனா, அல்லது மைனா மாதிரி ஏதோ ஒன்று. அவன் மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. பிடித்துக்கொண்டுவிட்டான். அப்புறம் அடிங்ணா, இவ்வளவு கிட்டத்தில், என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்வதுபோல, சிரிப்பை அடக்கிக்கொண்ட குரல், அவனுக்கு ஏதாவது கிடைக்கப்போகிறது என்றால் வருகிற குரல். அதன் வாலிலேயே ஹார்ன். ஹார்ன் என்றால் இவர்கள் பாட்டு என்கிறார்கள், பாட்டாகத்தான் தொடங்குகிறது, அப்புறம் பெரிதாகிறது, காது முழுக்க ஆகிறது, மண்டைக்குள் வருகிறது, இன்னும் வருகிறது, நான் பின்னால் சாய்ந்து காலை உதைத்துவிட்டேன் போல, நாற்காலி பின்னால் போய்ப் பீரோவில் மோதியது. அத்தோடு முடிந்துவிட்டது. சபரி அதற்கு மேல் வைக்கவில்லை. ஹெட்போன் ஒரு பக்கம் கழன்று தொங்கியது.  செருப்பைக் கேட்க மறந்துவிட்டேன். மறுபடியும் அமுக்கினேன், இந்தத் தடவை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு. காற்று, லாரி, மைனா, மூச்சு, அடிங்ணா, ஹார்ன். ஹார்னுக்கு அடியில் தேடினேன். மண் நெருடுகிறதா, துணி உரசுகிறதா. ஒன்றுமில்லை. மூன்றாவது தடவையும் ஒன்றுமில்லை. அவன் எடுத்ததிலேயே இவ்வளவு சுத்தமானது இதுதான். ஒரு சட்டைக் கை அசையவில்லை. மேலே வருவதைப் பார்த்திருப்பான், கூடுதலாக அணைக்கிறது என்று தெரிந்திருக்கும், இன்னும் கொஞ்சம், ஹார்ன் முடியட்டும், முடிந்ததும் நகரலாம் என்று நின்றிருப்பான். அந்த டிரைவர் சொன்ன இரண்டாவது வரி உண்மை. உலகத்தில் எல்லோரும் ஹார்ன் கேட்டால் விலகுவார்கள். நான்கூட, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நான், மேஜைக்கு அந்தப் பக்கம் சுவர் மட்டுமே இருக்கிற நான் விலகினேன். இவன் நின்றான். கெட்டுப்போய்விடும் என்று நின்றான்.

"என்னாச்சு?" என்றார் வாசல் அறையிலிருந்து. பீரோவில் மோதியது கேட்டிருக்கிறது. "சேர் இடிச்சுதுங்க" என்றேன்.  "கேட்டியா?" என்றார். கேட்டேன் என்றேன். "இருந்துச்சா?" என்றார். எனக்கு நேரே திரை இருந்தது. திரையில் பேர் பேராக எல்லாம் அடுக்கியிருந்தது. "இருந்துச்சுங்க" என்றேன். "லேசா. இழுத்தது கேட்டுச்சு."  அப்புறம் மூக்கைச் சிந்துவது கேட்டது. குழாயைத் திறந்தது கேட்டது. இனி இதை யாரும் கேட்கக் கூடாது. இவர் ஒருநாள் மனம் மாறி, எவனாவது ஒரு பையனிடம் போய், கேம்ல அந்த ஹார்னை அடிச்சுக் காட்டுடா என்று கேட்டாலும் அது வரக்கூடாது. எழுத்துக் கோப்பைத் திறந்தேன். ஹார்னுக்கு எங்கே போகவேண்டும் என்று கைகாட்டும் வரியைத் தேடினேன், கிடைத்தது. அந்த வரியை மட்டும் எடுத்தேன். ஹார்ன் பழைய ஃபோல்டரில் கிடக்கட்டும், யாரும் அங்கே வரமாட்டார்கள். பஸ்ஸை ஓட்டிப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினால் பீப் என்று ஏதோ ஸ்கூட்டர் மாதிரி ஒரு சத்தம் வந்தது. சாலையோரம் நின்ற பொம்மை மனிதர்கள் ஒருவர் விடாமல் பின்னால் நகர்ந்தார்கள். எல்லாவற்றையும் ஒரு கட்டாகக் கட்டி, சபரி சொன்ன இடத்தில் அமுக்கி, மேலே ஏற்றினேன்.

ஏறி முடிந்ததும் பக்கம் தானாகத் திறந்தது. பச்சைக்கோடு பஸ், அதன் படம், அதன் கீழே அவன் பெயர். கம்ப்யூட்டரில் எப்போதும் அவன் கணக்குதான் திறந்திருக்கும், பாஸ்வேர்டு கேட்காது. நான் ஏற்றினால் அவனே ஏற்றியதாகக் காட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சபரிக்கும் தோன்றவில்லை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. அது என்ன என்று பார்ப்பதற்குள் கீழே ஒருவன் எழுதிவிட்டான், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி. அண்ணே, ஆன்லைன்ல இருக்கீங்களா? வந்துட்டீங்களா? அவனுக்குக் கீழே இன்னொருவன். மிதுன் அண்ணா ரிட்டர்ன்ஸ். எவ்ளோ நாளாச்சுண்ணா, கல்யாணம் ஆயிடுச்சுன்னு நெனச்சோம். மூன்றாவது ஒருவன் ஓட்டியும் பார்த்துவிட்டான். ஹார்னை ஏண்ணா எடுத்தீங்க, அது இல்லாம பஸ்ஸே செத்துப்போச்சு. நான் அவன் அம்மா என்று தட்டினேன். அழித்தேன். அந்த ஹார்ன் இனி வராது தம்பி என்று தட்டி அனுப்பினேன். அது அவன் பெயரில் போய் நின்றது. உடனே பதில் வந்தது. சரிண்ணா, நீங்க வந்ததே போதும். சாப்பிட வா என்று இவர் கூப்பிட்டார், பல மாதங்களுக்குப் பிறகு அவராகவே கூப்பிட்டார், தட்டு வைக்கும் சத்தமும் கேட்டது. வருகிறேன் என்றேன். வெளியேறும் பொத்தான் மேலே வலது ஓரத்தில் இருக்கிறது. அதை அமுக்கினால் அந்தப் புள்ளி அணைந்துவிடும். நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் வர்றேன் என்றேன்.